ஒன்பதரை விரல்

ஏப்ரல் 19

ஊசி என்று நானே பெயர் சூட்டிய என் அருமை மருமகளுக்கு,

இந்தக் கடிதத்தில் நான் எழுதப்போவதை ஒருவரும் நம்பப்போவதில்லை. நீ நம்ப மாட்டாய், உன் தொழிற்சாலை நம்பாது, இதைச் சுமந்து வரும் தபால்காரர் உறைக்கு வெளியிலிருந்தே சந்தேகப்படுவார். இருந்தாலும் முப்பத்தெட்டு ஆண்டுகள் ஏல மேடையில் நின்று, மூன்றுகால் நாற்காலியைச் சிம்மாசனம் என்று சொல்லித் தள்ளிவிட்ட இந்த நாக்கின் மேல் ஆணையாகச் சொல்கிறேன், இதில் ஓர் எழுத்துகூடப் பொய் கிடையாது.

நீ என்னோடு போனில் பேசுவதை நிறுத்தி இரண்டு மாதமாகிறது. "போன்ல சிரிக்க வெச்சே கேட்ட கேள்விய மறக்கடிச்சிடுவீங்க மாமா. எழுதி அனுப்புங்க. கையெழுத்துப் போட்டுப் பொய் சொல்ல உங்களுக்கே கொஞ்சம் கூச்சமா இருக்கும்" என்றாய். கூச்சமா, எனக்கா? கீழே எவ்வளவு பெரிய கையெழுத்து என்று பார்த்துக்கொள்.

உன் கோபம் நியாயம்தான். ஏழு வருஷம் உன்னைத் தன் வீட்டில் வைத்துப் படிக்கவைத்த அத்தையை, உன்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் பிப்ரவரியில் மறதிக்காரர்களுக்கான இல்லத்தில் சேர்த்துவிட்டேன். ஆனால் அவள் நெடுஞ்சாலை நடுவில் நின்றுகொண்டு, வந்த லாரிகளை எல்லாம் கைகாட்டி நிறுத்தி எடைச் சீட்டைக் காட்டச் சொன்னதை நீ பார்க்கவில்லை. நானூறு லாரிகள். அடிவானம் வரைக்கும் நின்றன. பணி ஓய்வு பெற்றுப் பதினோரு வருஷம் ஆனால் என்ன, எடை அளவு ஆய்வாளர் என்றைக்கும் ஆய்வாளர்தான்.

அளப்பது எங்கள் இருவருக்குமே தொழில். அவள் அரசாங்கத்துக்கு அளந்தாள், நான் வாயால் அளந்தேன். நான் எதைச் சொன்னாலும் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் "பாதி" என்பாள். ஆயிரம் பேர் கூட்டம் என்பேன். பாதி. ஆறடிப் பாம்பு என்பேன். பாதி. பக்கத்து வீட்டுக்காரன் பெயரும் கிழமையும் மறந்துபோன பிறகும் அந்தச் சொல் மட்டும் அவளிடம் கெட்டியாக இருந்தது. நாற்பத்தொரு வருஷத்தில் என் நகைச்சுவை ஒன்றுக்கும் சிரித்ததில்லை. அவள் பல்லைப் பார்த்தவர் ஊரில் பல் மருத்துவர் ஒருவர்தான்.

இனிமேல்தான் நம்ப முடியாத பகுதி. மார்ச் 22 அன்று இல்லத்தின் கதவை அடைத்தார்கள். வெளியாள் ஒருவரும் உள்ளே போகக் கூடாது. இரண்டு வாரம் முழு இருட்டு. ஏப்ரல் 6 முதல் கண்ணாடிச் சந்திப்பு என்று ஒன்றை ஆரம்பித்தார்கள். உன் அத்தைக்குக் கொடுத்த ஏழாம் எண் அறையின் ஜன்னல். ஆறடி தள்ளி ஒரு மஞ்சள் கயிறு. மாலை நான்கு மணியிலிருந்து அரைமணி நேரம். ஜன்னல் திறக்காது, சத்தம் போகாது, அப்படியும் இரண்டு பக்கமும் முகக்கவசம் கட்டாயம். என் மீசை மறைந்துவிட்டால் உன் அத்தைக்கு என்னை எப்படித் தெரியும்? மீசை இல்லாத என்னை எனக்கே தெரியாது. ஆகவே முகக்கவசத்தின் மேல் கறுப்பு மையால் மீசை வரைந்துகொண்டு போனேன், நிஜத்தைவிட இரண்டு மடங்கு.

அங்கே நின்று கையாலும் காலாலும் ஏலம் போடுகிறேன். நிலாவை விட்டேன். இல்லத்துக் காவலாளியின் தொப்பியை விட்டேன். என் கண்புரையையே ஏலத்துக்கு விட்டேன். ஆபரேஷனைத் தள்ளிப்போட்டுவிட்டார்கள், இப்போது வலது கண்ணில் மேகமூட்டம், இடது கண்ணில் தூறல். ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம். உன் அத்தை சிரிக்கிறாள், ஊசி. நீ அனுப்பிய பச்சை ஸ்வெட்டரின் மஞ்சள் பொத்தான்கள் குலுங்கக் குலுங்கச் சிரிக்கிறாள். முடிவெட்ட ஆள் வர முடியாது என்று எல்லோருக்கும் தலையை ஒட்ட வெட்டிவிட்டார்கள். பள்ளிக்கூடத்துப் பையனைப் போல இருக்கிறாள்.

நாற்பத்தொரு வருஷமாகக் கேட்டும் கிடைக்காத கைதட்டல். ஒரு பெருந்தொற்று வந்து வாங்கிக்கொடுத்தது.

இப்படிக்கு,
ஏலச் சக்கரவர்த்தி, மூன்றுகால் நாற்காலிகளின் காவலர், பேரரசர்
உன் மாமா


ஏப்ரல் 28

மாமா,

கடிதம் கிடைத்தது. சிரித்தேன். சிரித்ததால் கோபம் இன்னும் கூடியிருக்கிறது.

எனக்கும் உங்களுக்கும் நடுவில் இரண்டு நாள் ரயில் தூரம். ரயில் ஓடவில்லை. மருந்து செய்கிற இடம் என்பதால் எங்களுக்கு விடுப்பும் இல்லை. காலை எட்டு மணியிலிருந்து புட்டிகள் என் முன்னால் ஓடிக்கொண்டிருக்கின்றன. உள்ளே இருப்பதும் மேலே ஒட்டியிருப்பதும் ஒன்றுதானா என்று பார்ப்பது என் வேலை. உங்கள் கடிதத்தையும் அந்தக் கண்ணோடுதான் படித்தேன். மேலே நிறைய ஒட்டியிருக்கிறீர்கள். உள்ளே என்ன இருக்கிறது?

சேர்க்கும்போது அத்தையின் எடை ஐம்பத்துநான்கு கிலோ. இப்போது எவ்வளவு? யாரையும் பிடிக்காமல் நடக்கிறாரா? மாத்திரையை விழுங்குகிறாரா, கன்னத்தில் ஒதுக்கி வைத்துக்கொண்டு அப்புறம் துப்புகிறாரா? உங்களைப் பார்த்ததும் யார் என்று தெரிகிறதா? "பாதி" என்கிறாரா?

பிப்ரவரியில் என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் வேலையை விட்டுவிட்டாவது வந்திருப்பேன். கதவை அடைத்த அன்று அத்தை உங்கள் வீட்டுக் கட்டிலில் இருந்திருப்பார். இதைச் சண்டையில்லாமல் சொல்லத் தெரியவில்லை, அதனால்தான் பேசாமல் இருந்தேன். உங்களால் தனியாகச் சமாளிக்க முடியவில்லை என்று எனக்குத் தெரியும். முடியவில்லை என்று நீங்கள் சொல்லவில்லை. நானூறு லாரி என்றீர்கள்.

எண்ணில் பதில் எழுதுங்கள். ஏற்றாமல்.

ஊசி


மே 5

எண்களின் எஜமானிக்கு,

கேட்டாய், கொடுக்கிறேன். நேற்று இல்லத்தின் அலுவலக ஜன்னலுக்குப் போய், கோட்டை வாசலில் நிற்கும் தூதனைப் போல நின்று குரல் கொடுத்தேன். பழைய பொறுப்பாளருக்குத் தொற்று, அவர் வீட்டில் கிடக்கிறார். அவருக்குப் பதில் வந்திருக்கும் புதியவர் கோப்பைப் புரட்டிப் பார்த்தார். "ஏழாம் நம்பர் அம்மாதானே? அறுபத்தொண்ணு சார். நல்லா சாப்பிடறாங்க, நல்லா தூங்கறாங்க" என்றார்.

அறுபத்தொன்று, ஊசி. ஏழு கிலோ கூடியிருக்கிறாள். என்னைப் பிரிந்த ஏக்கத்தில் இளைத்துத் துரும்பாகியிருப்பாள் என்று எதிர்பார்த்துப் போன எனக்கு இது எவ்வளவு பெரிய அவமானம் என்று யோசித்துப் பார். மாத்திரையைச் சமர்த்தாக விழுங்குகிறாளாம். நடக்கிறாளாம். எல்லாம் கோப்பில் இருக்கிறது. அரசாங்க முத்திரையைத் தவிர மற்ற எல்லாம் அதில் இருக்கிறது.

பாதி என்கிறாளா என்று கேட்டாய். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், முகக்கவசத்துக்கு உள்ளே, ஒருத்தி வாய் என்ன சொல்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்? நல்ல கேள்வி கேட்டாய் போ.

ஞாயிற்றுக்கிழமை நடந்ததைக் கேள். அன்று நான் கிருமியையே ஏலம் விட்டேன். உலகத்தின் ஒரே கிருமி, உலகமே வாங்கிவிட்ட கிருமி, இன்னும் எடுப்பவர் உண்டா என்று கையை நீட்டினேன். தெருவில் போனவர்கள் நின்றார்கள், மூவாயிரம் பேர் இருக்கும். காவலாளி சிரித்துத் தடுக்கி விழுந்தார். உன் அத்தை நாற்காலியை விட்டு எழுந்து வந்து, பத்து விரலையும் கண்ணாடியில் பதித்து மத்தளம் வாசித்துவிட்டாள். தோட்டத்துக் குருவிகள் அத்தனையும் பறந்து ஓடின. என் ஆயுளில் இப்படி ஒரு சபையைப் பார்த்ததில்லை.

இதற்குக் கீழே ஒரு வரி எழுதி அடித்திருக்கிறேன். கை தவறிவிட்டது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்காதே.

இப்படிக்கு,
கண்ணாடிக்கு இந்தப் பக்கத்து மன்னர்
உன் மாமா


மே 12, விரைவுத் தபால்

மாமா,

வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். "சிரிப்பு மட்டும் அவளுடையது மாதிரி" என்பது வரை தெரிகிறது. அதற்கப்புறம் வெறும் மை.

பத்து விரலா?

அத்தைக்கு ஒன்பதரை. சந்தையில் சோதனைக்குப் போன இடத்தில் இருபது கிலோ எடைக்கல் விழுந்து இடது சுண்டுவிரலின் மேல்பாதி போய்விட்டது. நான் அப்போது உங்கள் வீட்டில் இருந்தேன், எட்டாம் வகுப்பு. மருத்துவமனை வராந்தாவில் நீங்கள் கையே போயிற்று என்று அழுதீர்கள். அத்தை கட்டுப் போட்ட கையைத் தூக்கிக் காட்டி, "கை இல்ல, அரை விரல்" என்று உங்களைத் திருத்தினார்.

நீங்கள் எதையும் எண்ண மாட்டீர்கள், ஏற்றுவீர்கள். பத்து என்றதும் அந்தப் பழக்கத்தில் வந்ததாக இருக்கலாம். அப்படித்தான் இருக்க வேண்டும் என்று நேற்றிலிருந்து வேண்டிக்கொண்டிருக்கிறேன். நீங்கள் சரடு விட்டிருக்க வேண்டும் என்று என் வாழ்க்கையில் முதல் தடவையாக ஆசைப்படுகிறேன்.

இல்லத்துக்குப் போன் செய்தேன். ஏழாம் நம்பர் நன்றாக இருக்கிறார் என்றார்கள். உங்களுக்கு ஆறு முறை செய்தேன். நீங்கள் எடுக்கவில்லை. நீங்கள் போனை எடுக்காமல் இருந்ததே கிடையாது.

இது கைக்கு வந்த அன்றே நான்கு மணிக்குப் போய் எண்ணுங்கள். கயிற்றைத் தாண்டினாலும் பரவாயில்லை.

ஊசி


மே 20

ஊசி,

உயிரோடு இருக்கிறாள். அதை முதலில் படித்துக்கொள்.

பத்து விரல்.

நேற்று நான்கு மணிக்குக் கயிற்றுக்கு அடியில் குனிந்து போனேன். கண்ணாடியில் மூக்கு இடிக்கும் தூரத்தில் நின்று என் இரண்டு கைகளையும் அதில் வைத்தேன். அந்த அம்மாள் ஏதோ புது விளையாட்டு என்று நினைத்துக்கொண்டு, சிரித்தபடியே தன் கைகளை என் கைகளுக்கு நேராக வைத்தார். கட்டைவிரலிலிருந்து ஒவ்வொன்றாக எண்ணினேன். இடது சுண்டுவிரலில் நகம் இருந்தது. ஒழுங்காக வெட்டிய, சுத்தமான நகம். என் முகக்கவசத்தைக் கீழே இழுத்தேன். அவரும் இழுத்தார். யாருடைய அம்மாவோ. நல்ல முகம். அந்த முகத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததே இல்லை.

நாற்பத்துநான்கு நாள் அவருக்குத்தான் ஏலம் போட்டிருக்கிறேன்.

அலுவலக ஜன்னலுக்கு எப்படிப் போனேன் என்று நினைவில்லை. என் மனைவி எங்கே என்று கேட்டேன். "ஏழாம் நம்பர் அம்மா நல்லாத்தானே இருக்காங்க சார்" என்றார் புதியவர். அது என் மனைவி இல்லை என்றேன். "உங்க வீட்டம்மா ஏழாம் நம்பர்தானே?" என்றார். அவர் சண்டைக்காகக் கேட்கவில்லை. நிஜமாகவே அவருக்குப் புரியவில்லை. அதையே மூன்று முறை கேட்டார். என் மண்டைக்குள் ஒரு தரம், இரண்டு தரம் என்று ஓடிக்கொண்டிருந்தது.

அப்போது துணி துவைக்கும் அம்மா ஒருவர் மூட்டையோடு அந்தப் பக்கம் வந்தார். பழைய ஆள். எங்கள் சத்தத்தைக் கேட்டு நின்றார். "சுண்டுவிரல் இல்லாதவங்களா? அவங்கள மாடிக்குக் கொண்டுபோய் எவ்வளவோ நாளாச்சே, சார். உங்ககிட்ட யாரும் சொல்லலையா?"

ஏப்ரல் 2 அன்று பக்கத்து அறையில் ஒருவருக்குக் காய்ச்சல். உன் அத்தையையும் மாடியில் பின்பக்க அறையில் தனியாக வைத்திருக்கிறார்கள். பதினான்கு நாள் என்று கணக்கு. அந்த வரிசையில் இன்னொருவருக்குக் காய்ச்சல் வரும்போதெல்லாம் கணக்கை மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்திருக்கிறார்கள். காலியான ஏழாம் எண்ணுக்கு மறுநாளே இந்த அம்மாள் வந்திருக்கிறார். அலமாரியில் உன் ஸ்வெட்டர் இருந்திருக்கிறது, குளிருக்குப் போட்டுவிட்டிருக்கிறார்கள். உன் அத்தையைத் தெரிந்த வேலையாட்களில் பாதிப்பேர் தொற்றால் வீட்டில். புதிதாக வந்தவர்களுக்குக் கதவிலிருக்கும் எண்தான் ஆள்.

பின்பக்கச் சந்தில் போய் நின்று பார்த்தேன். எதிரே தண்ணீர்த் தொட்டி, சுவர். மாடி ஜன்னலில் உள்ளேயிருந்து அட்டை ஒட்டியிருக்கிறது. கத்திக் கூப்பிட்டேன். ஏலக்காரன் தொண்டை, தெருக்கோடி வரை கேட்டிருக்கும். அட்டை அசையவில்லை.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். பதினோராம் நாளே எனக்கு ஒரு மாதிரி இருந்தது. உட்காருகிற விதம் வேறு. கண்ணில் புரை இருக்கிறதே, தலையை வெட்டிவிட்டார்களே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். கேட்டிருக்கலாம். இது அவளில்லை என்றால் அவள் எங்கே என்று அடுத்த கேள்வி வரும். அந்த நாட்களில் அந்தக் கேள்விக்கு எல்லா வீட்டிலும் ஒரே பதில்தான் வந்துகொண்டிருந்தது. நீ போன் செய்ததைப் பார்த்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன்.

அது மட்டும் இல்லை. அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது.

மாமா


மே 27

மாமா,

துவைக்கும் அம்மா மூலமாக, மாடியில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணின் எண் கிடைத்தது. ஒரு மணி நேரம் பேசினாள். பாதி நேரம் அழுதாள். அவள் சொன்னதைச் சொன்னபடி எழுதுகிறேன். எனக்கு மட்டும் தெரிந்ததாக வைத்துக்கொள்ள முடியாது, நீங்களும் தெரிந்துகொள்ள வேண்டும்.

எடை முப்பத்தொன்பது கிலோ. நடப்பதில்லை. முதல் பத்து நாள் உள்ளேயிருந்து கதவைத் தட்டியிருக்கிறார். அப்புறம் நிறுத்திவிட்டார். சாப்பாட்டுத் தட்டைக் கதவோரம் முக்காலியில் வைத்துவிட்டு வந்து, பிறகு எடுத்துப் போவார்களாம். ஊட்டிவிட வேண்டும் என்று யாருக்கும் தெரியவில்லை. "தொடாம இருந்தா பசி இல்லன்னு நெனச்சோம்க்கா. ஒருத்தி பன்னெண்டு பேரப் பாத்துக்கறோம்" என்றாள். தலைமுதல் கால்வரை மூடிய உடையில் யார் போனாலும் அத்தை முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வாராம். ஜன்னலைப் பார்த்துக் கத்துகிறார் என்று அட்டை ஒட்டியிருக்கிறார்கள்.

அத்தையின் கோப்பு மாடிக்குப் போகவே இல்லை. அறையோடு கீழேயே தங்கிவிட்டது. மாடிக்கு ஒரு துண்டுச் சீட்டு போயிருக்கிறது, அதில் "தனிமை" என்று ஒரு சொல். கோப்பைக் கீழே தினமும் எழுதிவந்திருக்கிறார்கள். கீழே அலுவலகத்துக்குப் போன் செய்து படித்துக்காட்டச் சொன்னேன். "கணவர் தினமும் வருகிறார். சிரிக்கிறார். மனநிலை நன்று." நாற்பத்துநான்கு நாளும் அதே வரி. மருத்துவர் வாரம் ஒருமுறை கோப்புகளைப் படித்துவிட்டு, யாரை நேரில் பார்க்க வேண்டும் என்று முடிவு செய்வார். நான்கு பேரைத்தான் பார்க்க நேரம் இருக்குமாம். ஒவ்வொரு வாரமும் அத்தையைப் பார்க்கத் தேவையில்லை என்று தள்ளியிருக்கிறார். நன்றாக இருப்பதாக எழுதியிருந்ததே. நீங்கள் ஒரு நாள் போகாமல் இருந்திருந்தால் யாராவது மாடி ஏறிப் பார்த்திருப்பார்களோ என்று யோசித்தேன். இதை உங்களுக்கு எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

அத்தையின் மாத்திரைகள் அத்தனை நாளும் அந்த அம்மாளுக்குப் போயிருக்கின்றன. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை, விசாரித்துவிட்டேன். எங்கள் தொழிற்சாலையில் லேபிள் மாறிய ஒரே ஒரு புட்டி கிடைத்தால் அன்றைய உற்பத்தி முழுவதையும் நிறுத்திவிடுவோம்.

உங்களைத் திட்டத்தான் பேனாவை எடுத்தேன். முடியவில்லை. ஏப்ரல் 24 அன்று இல்லத்திலிருந்து எனக்கு வீடியோ அழைப்பு கொடுத்தார்கள். சண்டையில் இருந்ததால் உங்களிடம் சொல்லவில்லை. படம் நின்று நின்று வந்தது. பச்சை ஸ்வெட்டரைப் பார்த்தேன். அத்தை என்று கூப்பிட்டேன். திரும்பிச் சிரித்தார். நான் அழுதேன், நேரம் முடிந்தது. நல்லபடியாக இருக்கிறார் என்று அன்று நிம்மதியாகத் தூங்கினேன். மேலே ஒட்டியிருப்பதை நம்பாமல் இருப்பதற்கென்றே சம்பளம் வாங்குகிறவள் நான். ஸ்வெட்டரைத்தான் பார்த்திருக்கிறேன், மாமா.

வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள். தடை நீங்கும்வரை திரும்பச் சேர்க்கச் சொல்லிக் கேட்க மாட்டேன் என்று உங்களிடம் எழுதி வாங்குவார்கள். எழுதிக் கொடுங்கள். எல்லை தாண்டிவர எனக்கு இரண்டு முறை அனுமதி மறுத்துவிட்டார்கள். மூன்றாவது மனு போட்டிருக்கிறேன். உங்களால் முடியுமா என்று நான் கேட்கப்போவதில்லை.

எப்படி இருக்கிறார் என்று எழுதுங்கள். எண்ணாக எழுத வேண்டாம், என்னால் படிக்க முடியாது. உங்கள் வழக்கப்படியே எழுதுங்கள். எவ்வளவு வேண்டுமானாலும் ஏற்றுங்கள்.

ஊசி


ஜூன் 9

என் மருமகளுக்கு,

ஏற்றச் சொல்லி எனக்கு வந்த முதல் உத்தரவு. சிரமேற்கொண்டு தொடங்குகிறேன்.

ஜூன் 4 காலை பத்து மணிக்கு உன் அத்தையின் ஊர்வலம் இல்லத்திலிருந்து புறப்பட்டது. முன்னால் ஓர் ஆம்புலன்ஸ், பின்னால் நாற்பது. வழிநெடுக எல்லாச் சிவப்பு விளக்கும் வெட்கப்பட்டுப் பச்சையாயின. அடைத்துக் கிடந்த கடைகளின் ஷட்டர்கள் தாமாகவே எழுந்து நின்று வணக்கம் சொன்னன. வீட்டு வாசலில் உன் அத்தை ஒருவர் கையையும் பிடிக்காமல் இறங்கினாள். நேரே சமையலறைக்குப் போனாள். அங்கிருந்த தராசைப் பார்த்த மாத்திரத்தில் இருபது கிராம் குறைகிறது என்று கண்டுபிடித்து, என்னைக் கைது செய்ய உத்தரவிட்டாள். பிறகு பதினோரு துண்டு ரொட்டியும் ஒரு வாளிப் பாலும் சாப்பிட்டாள். கூடத்தை எட்டுச் சுற்று நடந்தாள். என் பெயரை, என் அப்பா பெயரை, அவர் அப்பா பெயரை ஒப்பித்தாள். கடைசியாகத் தன் கட்டில் என்னும் பேரரசிலிருந்து ஒரு மாகாணத்தை வெட்டி, நான் ஆண்டு அனுபவித்துக்கொள்ள எனக்கே எழுதிக்கொடுத்துவிட்டாள்.

ஊசி, இந்தப் பலூனை இப்போது குத்து.

ஆம்புலன்ஸ் ஒன்றுதான். ஓட்டி வந்தவரும் பக்கத்து வீட்டுக்காரரும் நாற்காலியில் வைத்து உள்ளே தூக்கி வந்தார்கள். தூக்க எனக்கு வேலையே இருக்கவில்லை, அவ்வளவு லேசாக இருந்தாள். ரொட்டி அரைத்துண்டு, பாலில் ஊறவைத்து, ஒரு மணி நேரம். தராசு இருக்கும் பக்கம் அவள் திரும்பவே இல்லை. இது யார் வீடு என்றும் கேட்கவில்லை. பெயர் ஒன்றும் சொல்லவில்லை. நான் சொன்ன எதையும் குறைக்கவில்லை. குறைக்கட்டும் என்று முதல் நாள் ஏதேதோ சொல்லிப் பார்த்தேன், பத்தாயிரம், லட்சம் என்று. சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று மாலை காற்றுக்கு அறைக் கதவு தானாகச் சாத்திக்கொண்டது. அவள் கத்துவாள் என்று நினைத்து ஓடினேன். கத்தவில்லை. கையிரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு, தலையைக் குனிந்து, அப்படியே அடங்கிப்போய் உட்கார்ந்திருந்தாள். கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். மறுநாள் ஸ்க்ரூ டிரைவரை எடுத்து வீட்டிலுள்ள ஐந்து கதவுகளையும் கழற்றிவிட்டேன். குளியலறைக்கு ஒரு பழைய போர்வை தொங்குகிறது. நீ வந்தால் தொண்டையைச் செருமிவிட்டு உள்ளே போ.

வீட்டில் நான் முகக்கவசம் போடுவதில்லை. மீசை வெளியில்தான் இருக்கிறது. அவள் அதைப் பார்க்கிறாள். பார்த்துவிட்டு வேறெங்கோ பார்க்கிறாள். கிளம்பும்போது ஏழாம் எண் ஜன்னலில் அந்த அம்மாளும் நின்றார். அவருடைய மகன் கடல் தாண்டி இருக்கிறாராம், இப்போதுதான் தகவல் சொல்லியிருக்கிறார்கள். நான் கையசைத்தேன். இன்றைக்கு ஏலம் இல்லையா என்று கேட்பதுபோல் இரண்டு கையையும் விரித்தார்.

ஊர்வலம் பொய், வாளிப் பால் பொய், எட்டுச் சுற்று பொய். மாகாணம் மட்டும் முழுப்பொய் இல்லை. நேற்று மாலை அவள் கட்டிலுக்கு அருகில் நாற்காலி போட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன். பேச்சு எதுவும் என்னிடம் மிச்சமில்லை. அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். இல்லத்தில் இன்னொரு அறைக்காரரைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

"உங்களையும் பாக்க யாரும் வரலையா சார்?" என்றாள்.

சொல்லிவிட்டு, சுவர்ப்பக்கமாக நகர்ந்து, நான் உட்காரக் கட்டிலில் ஒரு சாண் இடம் விட்டாள். அது மட்டும் நடந்தது.

மாமா